நைனாவின் காது மெஷின்: பணம் வீணா?

காட்பாடிக்காரன்:
நைனாவுக்கு 76 வயது. இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் நான் பேசினால் பிடிபடுகிறது. நேதாஜி மார்க்கெட்டுக்குப் போனால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். "சத்தம் காதைக் கிழிக்குது, பேச்சு மட்டும் புரியல" என்கிறார். காதோடு சேர்த்து, கேட்டதை மூளை பிரித்தறிவதிலும் தடுமாற்றம் என்று பரிசோதித்தவர் அப்போதே சொன்னார். அப்புறம் எதற்கு மெஷின்?

பாலாற்று மணல்:
அதையேதான் நானும் கேட்கிறேன். மெஷின் ஒலியைக் கூட்டும், அவ்வளவுதான். பேச்சையும் இரைச்சலையும் பிரிக்க மூளை திணறும்போது இரண்டையும் கூட்டிக் கொடுத்து என்ன பயன்? கலங்கிய தண்ணீரைப் பெரிய குடத்தில் மொண்டு வந்த கதை. என் மாமனாருக்கு விற்ற கடைக்காரர் "பழகிடும் சார்" என்றார். ஒரு வருடமாகப் பழகிக்கொண்டே இருக்கிறார்.

குடியாத்தம் டீச்சர்:
மணல் சார், பாதிதான் சரி. வயதானால் முதலில் மங்குவது உச்ச சுருதி ஒலிகள். மெய்யெழுத்துகளை அடையாளம் காட்டுவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. தட்டு, கட்டு, பட்டு எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். காதுக்கே வராததை மூளை எப்படிப் பிரிக்கும்? அதைக் கொண்டுசேர்க்கத்தான் மெஷின். மீதிக்கு அது போதாது, ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்கு ரிமோட் மைக் சேர்த்து வாங்கினோம். பேசுபவர் சட்டையில் குத்திக்கொண்டால் வாய்க்குப் பக்கத்திலிருந்து பேச்சு நேராக மெஷினுக்குப் போகும், சுற்றியுள்ள இரைச்சல் அடங்கிவிடும். போன மாதம் கல்யாண மண்டபத்தில், மேளத்துக்கு நடுவே, என்னோடு சண்டையே போட்டார்.

பாலாற்று மணல்:
மார்க்கெட்டில் அதை யார் சட்டையில் குத்துவது? கத்தரிக்காய்க்காரர் சட்டையிலா?

சத்துவாச்சாரி வாசி:
பெரும்பாலோருக்கு இரண்டு மெஷின்தான் நல்லது. ஆனால் வயதானவர்களில் சிலருக்கு இரண்டு காதிலிருந்து வருவதும் மூளையில் முட்டிக்கொள்ளும், ஒற்றை மெஷினே தெளிவாக இருக்கும். அமெரிக்கச் செவித்திறன் ஆய்வாளர் ஜேம்ஸ் ஜெர்கர் குழுவினர் 1993-லேயே இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். அமைதியான அறையில் பீப் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தால் இது தெரியாது. இரைச்சலை ஓடவிட்டு, வலது, இடது, இரண்டும் என்று மாற்றிப் போட்டுப் பேச்சு எதில் புரிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காட்பாடிக்காரன்:
இப்போதுதான் நைனாவிடம் கேட்டேன். பஸ்ஸில் வலது பக்கத்தை மட்டும் கழற்றிவிடுவாராம். "அப்பதான் கண்டக்டர் சொல்றது புரியுது." மூன்று மாதமாக இதை என்னிடம் சொல்லவே இல்லை! செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டிப்போகிறேன்.

பாலாற்று மணல்:
போங்கள். ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்றும் கேட்டு வாருங்கள்.