தேரியும் கடலும் ஒரே நாளில்: நெல்லையிலிருந்து போய் வர முடியுமா?

பாளையங்கோட்டைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். பெருமாள்புரத்தில் இருக்கிறோம். வருகிற மாசியில் ஒரு சனிக்கிழமை கடற்கரைப் பக்கம் போய் வரலாம் என்று வீட்டில் பேச்சு. நான், வீட்டுக்காரர், எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பையன்கள், அப்புறம் மாமியார். அவர்களுக்கு முழங்கால் வலி, ஆனால் விட்டுவிட்டுப் போனால் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். திருச்செந்தூருக்கு எத்தனையோ தடவை போயாச்சு, கடலில் ஒரு முங்கு, நாழிக்கிணற்றில் ஒரு குளியல், சாமி கும்பிட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. இந்தத் தடவை அப்படி வேண்டாம். நடக்க வேண்டும், பையன்கள் மணலில் புரள வேண்டும், கூட்டமில்லாத கடற்கரை வேண்டும். செம்மண் தேரி (சிவப்பு மணல் மேடுகள்), மணப்பாடு, உவரி, முடிந்தால் கன்னியாகுமரி என்று வீட்டுக்காரர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருக்கிறார். கார் இருக்கிறது. இதெல்லாம் ஒரே நாளில் ஆகுமா? தேரிக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

உடன்குடியான்:
அக்கா, சீட்டில் கடைசி வரியை முதலில் அடிக்கச் சொல்லுங்க. கன்னியாகுமரியையும் சேர்த்தால் காருக்குள்தான் உட்கார்ந்திருப்பீங்க.

மிச்சமெல்லாம் ஆகும், ஆனால் எந்த இடம் எந்த நேரத்தில் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நிறைய பேர் காலையில் கடலுக்குப் போய்விட்டு பதினோரு மணிக்குத் தேரிக்கு வந்து நிற்கிறார்கள், காலை வைக்க முடியாது, மணல் அடுப்புச் சட்டி மாதிரி இருக்கும், ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். நீங்க விடியும்முன் ஐந்து மணிக்குக் கிளம்புங்க. குரும்பூர் தாண்டி மேலப்புதுக்குடி எங்கே என்று கேட்டால் சொல்வார்கள், அங்கே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கிறது, தேரிக்கு நடுவில் ஒரு சுனை, சுற்றி மரங்கள், அத்தைக்கு அங்கே நிழலில் உட்கார இடம் இருக்கும். நீங்க பையன்களோடு மேட்டில் ஏறி இறங்கலாம். மணலின் ஒவ்வொரு பரலிலும் இரும்புத்துரு மெல்லிசாகப் படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. ஆனி, ஆடிக் காற்றில் மேடே இடம் மாறும், அந்த மாதங்களில் மட்டும் வராதீங்க, கண்ணிலும் வாயிலும் மண்தான். மாசி நல்ல மாசம்.

எட்டரைக்கு அங்கிருந்து கிளம்பினால் உடன்குடியில் காலைச் சாப்பாடு. ஊர்ப் பெருமை பேசாமல் இருக்க முடியவில்லை, உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் வாங்கும்போது மட்டும் சீனி கலக்காததுதானா என்று ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்க. பிள்ளைகளுக்குச் சுக்கு போட்ட சில்லுக்கருப்பட்டி.

வெயிலேறும் நேரத்தில் மணப்பாட்டில் நிற்காமல் நேரே உவரிக்குப் போய்விடுங்க. சுயம்புலிங்க சாமி கோயில் கடலை ஒட்டியே இருக்கிறது, கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா கோயிலும் பக்கத்தில். மத்தியானம் அங்கே நிழல். நாலு மணிக்கு மணப்பாட்டுக்குத் திரும்பி வாங்க. அந்தக் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், மேலே திருச்சிலுவைக் கோயில், கடல் பக்கம் சவேரியார் தங்கிய குகை (அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542இல்). ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் கருமேனியாறு வந்து சேர்கிற இடம், தண்ணீர் அடங்கிக் கிடக்கும். சூரியன் கடலில் விழும் என்று எதிர்பார்க்காதீங்க, நம்ம பக்கம் அது பனங்காட்டுக்குள்தான் இறங்கும். என்னைக் கேட்டால் அதுதான் அழகு.

ஆறுமுகநேரி_அண்ணாச்சி:
தம்பி சொன்னது சரி. ஆனால் அவ்வளவு தூரம் வந்துவிட்டு செந்தூர் முருகனை எட்டிப் பார்க்காமல் போவதா? மாசித் திருவிழா நாட்களாக இல்லாமல் பார்த்து வந்தால் காலையிலேயே தரிசனம் முடித்துவிடலாமே.

உடன்குடியான்:
அண்ணாச்சி, கோபிக்காதீங்க, சனிக்கிழமை வரிசையில் நின்றால் தேரி போச்சு. அவர்களே எத்தனையோ தடவை போயாச்சு என்கிறார்கள். கார் கண்ணாடி வழியாகக் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு, முருகன் ஏற்றுக்கொள்வார்.

பனைவிடலி:
மேலே யாரும் சொல்லாத ரெண்டு விஷயம். ஒன்று, தேரியில் கோயிலை விட்டுத் தூரமாகப் போகாதீங்க. மூன்று வருஷம் முன்னால் நானும் மச்சானும் கொல்லாமரம் (முந்திரி) இருக்கிற பக்கம் "கொஞ்ச தூரம்தானே" என்று நடந்தோம், திரும்பிப் பார்த்தால் நாலு பக்கமும் ஒரே சிவப்பு மேடு, குடை மாதிரி விரிந்த உடைமரம் ஒன்று அடையாளம் வைத்திருந்தோம், பார்த்தால் அதே மாதிரி முப்பது நிற்கிறது. காற்று எங்கள் கால்தடத்தையும் மூடிவிட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஆடு மேய்க்கிற ஒரு பாட்டையா வழி காட்டினார், காட்டிவிட்டு ஏசவும் செய்தார். அதில் மச்சானின் ரப்பர் செருப்பைத் துளைத்து உடைமுள் ஏறி ரெண்டு நாள் நொண்டினான். அடி கெட்டியான செருப்பு போடுங்க, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வையுங்க. அது காப்புக்காடு வேறு, தீ மூட்டுவது, குப்பை போடுவது எதுவும் கூடாது.

ரெண்டு, மணப்பாட்டுப் பாறை. பாசி பிடித்திருக்கும், படம் எடுக்கிறேன் என்று நுனிக்குப் போக விடாதீங்க. குளிப்பதென்றால் வலை காய வைத்துக்கொண்டு இருக்கிறவர்களிடம் "இன்றைக்கு இங்கே இறங்கலாமா" என்று கேட்டுவிட்டு இறங்குங்க. நீரோட்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பஸ்பயணி:
கார் இல்லாதவர்கள் யாராவது படித்தால்: நெல்லையிலிருந்து காலைப் பாசஞ்சரில் ஆழ்வார்திருநகரி, நாசரேத் வழியாகத் திருச்செந்தூர், அங்கிருந்து மணப்பாட்டுக்கு பஸ். தேரியை விட்டுவிட வேண்டியதுதான், அல்லது ஆட்டோ பேச வேண்டும். வழியில் குலசேகரன்பட்டினம் வரும். தசரா சமயத்தில் மட்டும் அந்த ரோட்டில் தலையை நீட்டாதீங்க, காளி வேஷமும் குரங்கு வேஷமுமாக ஊரே நிறைந்திருக்கும் (வேஷம் பார்க்கத்தான் போகிறீங்க என்றால் அது வேறு). பையன்களுக்குச் சொல்ல ஒரு செய்தி: இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அங்கேதான் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே அனுப்பினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். குலசையிலிருந்து நேர் தெற்கே வெறும் கடல்தான். சின்ன ராக்கெட்டுகளுக்கு அது பெரிய லாபம். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று ஆசை காட்டிவிடாதீங்க.

பாளையங்கோட்டைக்காரி:
போய் வந்துவிட்டோம்! எல்லோருக்கும் நன்றி. அஞ்சு மணிக்குக் கிளம்ப நினைத்து அஞ்சே முக்காலுக்குக் கிளம்பினோம், ஆனாலும் தேரியில் இளவெயில்தான். பெரியவன் மேட்டிலிருந்து உருண்டு வந்து காது வரைக்கும் சிவப்பு. வெள்ளைச் சட்டை போட்டுவிட்டது என் தப்பு, மூன்று தடவை துவைத்தும் போகவில்லை. அத்தைக்கு அய்யனார் கோயிலில் அப்படி ஒரு நிம்மதி. "தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனாருக்குக் கார்த்திகைக் கடைசியில் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு வருவோம், சின்னப் பிள்ளையில் மாட்டுவண்டியில்" என்று ஆரம்பித்தவர்கள் உடன்குடி வரைக்கும் நிறுத்தவில்லை. இத்தனை வருஷத்தில் நான் கேட்டே இராத கதையெல்லாம்.

உவரியில் வெயில் கொஞ்சம் கடுமைதான். மணப்பாட்டில் நாலரையிலிருந்து இருட்டும் வரை இருந்தோம். குன்றில் அத்தையும் மெதுவாக ஏறிவிட்டார்கள். இறங்கும்போது பனையோலைப் பெட்டி ரெண்டு வாங்கினார்கள், ஒன்று கருப்பட்டிக்கு, இன்னொன்று எதற்கு என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

வீட்டுக்காரர் சீட்டைக் கிழிக்கவில்லை. கன்னியாகுமரி அடுத்த மாதமாம். மறுபடியும் உங்களிடம்தான் வருவேன்.

உடன்குடியான்:
வாங்க அக்கா. கருப்பட்டி எப்படி இருந்தது, அதைச் சொல்லவே இல்லையே?