டிஜிட்டல் ஹியூமானிட்டிஸ் எம்.ஏ.: சேலத்துப் பொண்ணு படிக்கலாமா?

குகை குமரன்:
தங்கச்சி இங்கே பி.ஏ. தமிழ் முடித்துவிட்டாள். அடுத்து டிஜிட்டல் ஹியூமானிட்டிஸ்தான், அதாவது இலக்கியம், வரலாறு மாதிரி விஷயங்களைக் கணினி வைத்து ஆராய்கிற படிப்புதான், என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். லண்டன் கிங்ஸ் காலேஜில் ஒரு வருஷ எம்.ஏ., ஜோத்பூர் ஐஐடியில் இரண்டு வருஷ எம்.எஸ்சி., இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறாள். நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எடுத்த படங்களின் பழைய பாட்டுப் புத்தகங்களை எல்லாரும் இணையத்தில் தேடிப் படிக்கிற மாதிரி செய்யணுமாம். அப்பா பி.எட். போதும் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சூரமங்கலம் சுப்பு:
அப்பா சொல்வதுதான் சரி தம்பி. பாட்டுப் புத்தகத்தை ஸ்கேன் பண்ண எம்.ஏ. எதற்கு? பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற மதுரைத் திட்டம் 1998இல் ஆரம்பித்தது. தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தே சங்க இலக்கியத்தை ஏற்றினார்கள். யாரும் அவர்களிடம் பட்டம் கேட்கவில்லை. பைதான் நிரல்மொழி வேண்டுமா, யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. லண்டன் என்றால் ஃபீஸும் சாப்பாடும் சேர்த்து 30 லட்சத்தைத் தாண்டும். யார் கட்டுவது?

அஸ்தம்பட்டி அக்கா:
சுப்பு சார், ஸ்கேன் வெறும் படம்தான், அதில் ஒரு வரியைக்கூடத் தேட முடியாது. கல்லூரி நூலகத்தில் இதே வேலையோடு மல்லுக்கட்டுகிறேன், அதனால் சொல்கிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான புத்தகங்களில் லை, ணை எல்லாம் கொம்பு போட்ட பழைய வடிவம். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற ஓசிஆர் மென்பொருள் அங்கே தடுமாறும். துணைக்காலை 'ர' என்று படித்துவிடும். அதையெல்லாம் திருத்தி முடித்தால் அடுத்த தலைவலி: ஒரே பாடகர் பெயர் நாலு புத்தகத்தில் நாலு விதமாக இருக்கும். அவர் ஒருவரே என்று கணினிக்கு யார் சொல்வது? எது பாட்டு, எது வசனம், எது "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிகிற கதைச்சுருக்கம் என்றெல்லாம் குறிக்க, 1987இல் தொடங்கிய டிஇஐ (Text Encoding Initiative) என்று ஒரு குறியீட்டு முறை இருக்கிறது. காப்புரிமை வேறு. பாடலாசிரியர் இறந்து 60 வருஷம் ஆகாவிட்டால் பாட்டை அப்படியே போட முடியாது. இதெல்லாம் யூடியூபில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

1935இல் தொடங்கி நூறு படத்துக்கு மேல் எடுத்த ஸ்டுடியோ சார் மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காடு ரோட்டில் இப்போது அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. நம் ஊர்ப்பிள்ளை செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

சூரமங்கலம் சுப்பு:
வளைவு சோறு போடாது அக்கா. வேலை எங்கே? ரோஜா முத்தையா நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம், அப்புறம்? பெரியார் பல்கலையில் நூலகவியல் படித்தால் வீட்டுச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

ஏற்காடு வாசி:
நடுவில் வருகிறேன். எங்கள் எஸ்டேட்டில் தாத்தா காலத்துக் கூலிக் கணக்கு நோட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரு ஆளைப் பிடித்து ஸ்கேன் பண்ணினோம். ஹார்ட் டிஸ்க்கில் 'ஸ்கேன்001', 'ஸ்கேன்002' என்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எந்த வருஷம், எந்தத் தோட்டம், ஒன்றும் தெரியாது. நோட்டைப் பிரித்துத் தேடுவதே சுலபம். விஷயம் தெரிந்தவருக்குக் காசு கொடுக்க நான் தயார், ஆனால் ஆள் கிடைக்கவில்லை.

சூரமங்கலம் சுப்பு:
நீங்கள் ஒருமுறை கொடுப்பீர்கள், மாசாமாசம் கொடுப்பீர்களா?

அஸ்தம்பட்டி அக்கா:
அது நியாயமான கேள்விதான். ஆனால் பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்களே சார். மொழித் தரவு வேலைக்குத் தமிழும் நிரலும் இரண்டும் தெரிந்தவர்களைக் கம்பெனிகளும் தேடுகின்றன. குமரா, கடன் வாங்கி லண்டன் வேண்டாம், ஜோத்பூருக்கு விண்ணப்பிக்கட்டும். அதற்குள் பத்துப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துச் செய்து பார்க்கட்டும். அலுக்காவிட்டால் போகலாம்.

சூரமங்கலம் சுப்பு:
ஜோத்பூரில் தமிழ் எழுத்து தெரிந்த வழிகாட்டி இருக்கிறாரா என்று முதலில் கேட்கச் சொல். இல்லையென்றால் அங்கே போய் இந்திப் பாட்டுப் புத்தகம்தான்.

குகை குமரன்:
இன்றைக்கே மெயில் போடச் சொல்கிறேன். அப்பா பி.எட். விண்ணப்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.