புதுப்பிப்பு: ரெய்டு 0 டிஸ்க் காணாமல் போன சிக்கல் தீர்ந்தது

வீட்டுக் கணினியில் இரண்டு 1 டிபி ஹார்ட் டிஸ்க்குகளை ரெய்டு 0-வாக (தரவைத் துண்டாக்கி இரண்டிலும் பிரித்து எழுதி, இரண்டையும் ஒரே டிஸ்க்காகக் காட்டும் முறை) சேர்த்ததும், அடிக்கடி ஒன்று காணாமல் போய் மொத்தமும் திறக்க மறுப்பதாகப் போன மாதம் கேட்டிருந்தேன். பலர் டிஸ்க்கை மாற்றச் சொன்னார்கள். ஒரு அண்ணன் மட்டும் ஸ்மார்ட் அறிக்கையை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் குறிப்பு) பார்க்கச் சொன்னார். அவருக்குப் பெரிய நன்றி.

அதில் கெட்ட செக்டர் (டிஸ்க்கில் பழுதான இடம்) ஒன்றுகூட இல்லை. சிஆர்சி பிழை (தரவு பழுதில்லாமல் வந்ததா என்ற சோதனையில் தவறுவது) எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு சிதைகிறது என்று அர்த்தம். கேபினெட்டைத் திறந்தால், இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள் பக்கக் கதவில் இடித்து, செருகும் இடத்திலேயே மடிந்து கிடந்தது. டவுன்ஹால் ரோட்டில் கிளிப் வைத்த கேபிள் இரண்டு வாங்கி மாட்டினேன். மூன்று வாரமாக அந்த எண் அசையவில்லை. பழைய எண் குறையாது, ஏறாமல் இருந்தால் போதும்.

வேகம்? பெரிய வீடியோவைப் படிக்கத் தனி டிஸ்க்கில் நொடிக்கு 150 எம்பி, இப்போது 290. சின்னக் கோப்புகளில் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம், கோப்புகள் துண்டு துண்டாக இரண்டு டிஸ்க்கிலும் கிடப்பதால் ஒன்று போனால் எல்லாம் போச்சு. அழகர் ஆற்றில் இறங்கியபோது அப்பா எடுத்த வீடியோக்கள் அதில் இருக்கின்றன. அதனால் தினமும் இரவு தனி டிஸ்க்கில் நகல் எடுக்கிறேன்.