2147483647 பகா எண்ணா?

கேள்வி: எங்கள் மாவு மில் கணக்கை ஒரு பழைய மென்பொருளில் போடுகிறேன். நேற்று கிலோ கட்டத்தில் 9-ஐ அழுத்தியபடியே கவனிக்காமல் இருந்துவிட்டேன். 2147483647 என்று வந்து நின்றது. 214 கோடி கிலோ அரிசி! 3, 7, 11, 13 என்று வகுத்துப் பார்த்தேன், எதிலும் மீதி. பகா எண்தானா?

பதில் 1: ஆமாம். 2-இன் 31ஆம் அடுக்கில் 1 கழித்தால் இதுதான். பழைய மென்பொருள் ஓர் எண்ணை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 32 இடங்களில், வைத்திருக்கும். அதில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31-உம் நிரம்பியதால் மென்பொருள் முட்டி நின்றிருக்கிறது. இப்படி வரும் பகா எண்களை மெர்சென் பகா எண் என்பார்கள். இது எட்டாவது.

பதில் 2: 3, 7 பக்கமே போக வேண்டாம். இதற்கு ஒரு பகா வகுத்தி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வர வேண்டும். அதாவது 311, 1303 என்று தாவித் தாவி, இந்த எண்ணின் வர்க்கமூலமான 46340 வரை பார்த்தால் போதும். 1772-இல் கணித மேதை ஆய்லர் இதை இப்படித்தான் முடித்தார், கையாலேயே.

கேட்டவர்: சரி, 311-ஆல் வகுத்தேன். மீதி 35. 1303-க்குள் மிளகாய் அரைக்க ஆள் வந்துவிட்டார்.