வண்ணக் கண்ணாடிக் காடு: புலி கழன்று விழுகிறது, என்ன செய்ய?

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
என் வகுப்பில் 32 பிள்ளைகள். சன்னலில் ஒட்ட வண்ணக் கண்ணாடி மாதிரி ஒரு காடு செய்யலாம் என்று இறங்கினேன். கறுப்பு சார்ட்டில் புலி, கிளி, இலை எல்லாம் வரைந்து உள்பக்கத்தை வெட்டி, பின்னால் கலர் டிஷ்யூ தாள் ஒட்ட வேண்டும். முதல் நாளே பாதிப் பேருடைய புலி சட்டத்தை விட்டுக் கழன்று கையோடு வந்துவிட்டது. ஒரு பையன் புலியின் கண்ணை மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தான். இன்னும் 40 நிமிட வகுப்பு இரண்டுதான் பாக்கி. கத்தரிக்கோலையே விட்டுவிடலாமா?

பழைய ஓவிய ஆசிரியை:
சிரித்துவிட்டேன், மன்னியுங்கள் டீச்சர். எனக்கு விழுந்தது யானை.

நிஜக் கண்ணாடி சன்னலில் துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பது ஈயப் பட்டைகள். உங்கள் கறுப்புத் தாள்தான் அந்த ஈயம். அது எங்காவது அறுந்தால் புலி விழத்தான் செய்யும். வெட்டுவதற்கு முன் நான் ஒரு எறும்பு விளையாட்டு வைப்பேன். சட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்து, கறுப்பை விட்டு இறங்காமல் எறும்பு புலியிடம் நடந்து போக வேண்டும். வழியில்லையா, ஒரு கொடி வரைந்து பாலம் போடச் சொல்லுங்கள். காட்டில் கொடிக்கா பஞ்சம்?

கோடு பிள்ளைகளின் சுண்டுவிரல் அகலமாவது இருக்கட்டும். புலியின் வரிகளும் இலையின் நரம்பும் ஏற்கெனவே கறுப்புக் கோடுகள்தானே, அவற்றையே ஈயமாக விட்டுவிடலாம். கண்ணை மட்டும் வெட்டவே வேண்டாம். டிஷ்யூ ஒட்டிய பிறகு மேலே ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டினால் போதும்.

பசை பாட்டில்:
கத்தரிக்கோல் வேண்டாம் என்றால் இன்னொரு வழி. வெள்ளைப் பசையில் கறுப்பு போஸ்டர் கலரைக் கலந்து, கூர் மூக்கு பாட்டிலில் ஊற்றி, வெள்ளைத் தாளில் கோடு இழுக்க வேண்டும். ஓர் இரவு காய்ந்தால் கோடு மேடாக நிற்கும், வாட்டர் கலர் அதைத் தாண்டி அவ்வளவாக ஓடாது. முதல் வகுப்பில் கோடு, அடுத்ததில் வண்ணம். ஈரத்தோடு அடுக்கி வைத்துவிடாதீர்கள், 32 காடும் ஒரே புத்தகமாகிவிடும். (அனுபவம்.) ஆனால் சன்னலில் ஒட்டினால் டிஷ்யூ அளவுக்கு ஒளி ஊடுருவாது, அது உண்மை.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
ஒளிக்காகத்தானே ஆரம்பித்தேன்! கத்தரிக்கோலே இருக்கட்டும். டிஷ்யூ ஒட்டும்போது சாயம் ஓடுமா? அப்புறம், "நாங்கள் காடே பார்த்ததில்லையே" என்கிறார்கள்.

பழைய ஓவிய ஆசிரியை:
தண்ணீர்ப் பசையில் ஓடும், குச்சிப் பசை எடுங்கள். நீலத்தின் மேல் மஞ்சள் ஒட்டினால் பச்சை கிடைக்கும், ஆனால் மூன்று அடுக்கு தாண்டினால் இருண்டுவிடும்.

காடு பார்க்காததா ஒரு குறை? ஹென்றி ரூசோ பாரிஸில் சுங்க வரி வசூலித்தவர், பிரான்ஸை விட்டு வெளியே போனதே இல்லை. தாவரப் பூங்காவைப் பார்த்துப் பார்த்தே பெரிய பெரிய காடுகளை வரைந்தார். அவர் படம் ஒன்றைக் காட்டுங்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:
இன்று எறும்பு விட்டோம். ஒரு புலியும் விழவில்லை, கிளி மட்டும் இரண்டு. தொலைந்த கண்ணும் கிடைத்தது, அந்தப் பையன் அதை ஒரு குரங்குக்கு ஒட்டிவிட்டான்.