வால்வு செட்ல (ட்யூப் போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர்) ஒரு ட்யூப் மட்டும் செவக்குது, ஹம்மும் ஏறுது. எங்க பாக்கறது?

குழாய்_ஸ்பீக்கர்:
வணக்கம். பெரியப்பா சவுண்ட் சர்வீஸ் வச்சிருந்தப்ப ஓட்டுன வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு பரண்ல கெடந்துச்சு, எறக்கி தொடச்சு வச்சிருக்கேன். லோக்கல்ல யாரோ கட்டுனது, அவுட்புட்ல ரெண்டு இஎல் 34 பவர் ட்யூப், முன்னாடி சிக்னல ஏத்தற சின்ன ட்யூப் இசிசி 83. ஆன் பண்ணா கொஞ்ச நேரம் அருமையா பாடுது, அப்புறம் வலது ட்யூப் உள்ள இருக்கற சாம்பல் கலர் தகடு நடுவுல செவந்துகிட்டே வருது, கூடவே ம்ம்ம்ன்னு ஹம். மெக்கானிக் ஒருத்தர் ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சு, ட்யூப்பும் ஜோடியா மாத்தணும்ங்கறாரு. ட்யூப் வெலய கேட்டாலே பகீர்ங்குது, என்ன பண்ணலாம்?

மெட்ராஸ்_சால்டர்:
ஹம்னா சப்ளைய சீராக்கற ஃபில்டர் கன்டென்சர் தான் ப்ரோ, கண்ண மூடிட்டு மாத்திடுங்க.

ஆக்டல்_பேஸ்:
ஃபில்டர் காஞ்சா ஹம் வரும் சரி, ஆனா ஒரு ட்யூப் மட்டும் ஏன் செவக்கணும்? தம்பி, அது செவக்க செவக்க ஓட்டாதீங்க, ட்யூப்பும் போயிடும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் போயிடும். செட்டுக்கு போற மெயின்ஸ் லைன்ல குண்டு பல்பு போட்டு சீரிஸ் போர்டு ஒண்ணு வச்சுக்குங்க, கரன்ட் எகிறாம அது புடிச்சுக்கும், ஸ்பீக்கர் இல்லாம ஆன் பண்ணவே கூடாது. ஆஃப் பண்ணி ஆறுனப்புறம் ரெண்டு ட்யூப்பையும் இடம் மாத்தி போடுங்க. செவப்பு ட்யூப் கூடவே போச்சுன்னா ட்யூப் கெட்டது, அதே சாக்கெட்லயே நின்னா சர்க்யூட்ல கோளாறு. அப்படி நின்னுச்சுன்னா அந்த ட்யூப்ப கழட்டிட்டு 5ஆம் பின்ல, அதாவது ட்யூப் எவ்வளவு கரன்ட் இழுக்கணும்னு கட்டுப்படுத்தற கிரிட்ல, டிசி வோல்ட் பாருங்க. இது கத்தோட் பயாஸ் செட்டா, அதாவது ட்யூப்போட கத்தோட் கால்ல ரெசிஸ்டர் போட்டு கரன்ட்ட அளவா வைக்கற செட்டா இருந்தா அங்க ஜீரோ தான் இருக்கணும், பிளஸ்ல ஏதாச்சும் காட்டுனா, முன் ட்யூப்லேந்து சிக்னல மட்டும் விட்டு டிசிய தடுக்கற கப்ளிங் கன்டென்சர் லீக், அந்த பிளஸ் தான் ட்யூப்ப எச்சா இழுக்க வைக்கும். பின் எண்றப்ப அடிப்பக்கம் பாத்து, சாவி வெட்டுலேந்து கடிகாரம் சுத்தற பக்கமா எண்ணுங்க. மீட்டரோட கருப்பு வயர சேசிஸ்ல க்ளிப் போட்டுட்டு ஒரே கையால அளங்க, இன்னொரு கை பாக்கெட்ல இருக்கட்டும், உள்ள 400 வோல்ட் ஓடுது.

குழாய்_ஸ்பீக்கர்:
அண்ணே மாத்தி போட்டு பாத்தேன், செவப்பு அதே சாக்கெட்லயே தான். ட்யூப்ப கழட்டிட்டு அளந்தா 5ஆம் பின்ல பிளஸ் 14 வோல்ட்! கத்தோட்ல 470 ஓம் ரெசிஸ்டர் இருக்கு, ட்யூப் போட்டப்ப அதுல 44 வோல்ட், நல்லா இருக்கற பக்கம் 31. ஆனோட்ல, அதாவது அந்த தகட்டுல, 400 கிட்ட.

ஆக்டல்_பேஸ்:
அப்புறம் என்ன, ஆளு மாட்டிக்கிட்டான். 44ஐ 470ஆல வகுத்தா 94 மில்லிஆம்ப் கிட்ட, அத ட்யூப்புக்கு குறுக்க இருக்கற 356 வோல்ட்டால (400ல 44 போக) பெருக்குங்க, 33 வாட் வருது, அதுல கொஞ்சம் தகட்டுக்கு போகாம உள்ள இருக்கற ஸ்கிரீன் கம்பிக்கு போனாலும் 25 தாண்டுது. இஎல் 34 தகடு தாங்கறது 25 வாட் தான், செவக்காம என்ன பண்ணும். ஹம்முக்கும் பாதி காரணம் இதே தான், புஷ்புல்ல, அதாவது ரெண்டு ட்யூப் எதிரெதிரா வேல செய்யற இந்த மாதிரி செட்ல, ரெண்டு பக்கமும் சமமா இழுத்தா தான் சப்ளையோட ரிப்பிள்ங்கற ஏத்த எறக்கம் ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும், ஒரு பக்கம் எச்சா இழுத்தா ஹம் ஸ்பீக்கருக்கு வந்துடும். அந்த காலத்து மெழுகு பேப்பர் கன்டென்சரெல்லாம் இந்த வயசுல லீக் தான். 0.1 மைக்ரோ, 630 வோல்ட் பாலிப்ரோப்பிலீன் ரெண்டு வாங்கி ரெண்டு பக்கமும் மாத்துங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல டீக்காசு தான். சால்டர் வைக்கறதுக்கு முன்னாடி ஃபில்டர்ல நிக்கற சார்ஜ 10 கே ரெசிஸ்டர் வச்சு எறக்கிடுங்க, ஸ்க்ரூ ட்ரைவர வச்சு பட்டுன்னு ஷார்ட் பண்ற வீரமெல்லாம் வேண்டாம்.

மெட்ராஸ்_சால்டர்:
இருந்தாலும் ஃபில்டரும் மாத்துங்க ப்ரோ, அதுக்கும் அதே வயசு தானே 😄

ஆக்டல்_பேஸ்:
அது நியாயம். ஆனா மொதல்ல கப்ளிங் மட்டும் மாத்திட்டு ரெண்டு கத்தோட்டையும் அளந்து சொல்லுங்க தம்பி, எல்லாத்தையும் ஒண்ணா மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. ட்ரான்ஸ்ஃபார்மர்ல மெயின்ஸ் வயர் சேர்ற டேப் 220ல இருந்தா 240க்கு மாத்துங்க, இப்ப நம்ம ஊர் கரன்ட்டுக்கு அது தான் சரி.