ஒருவர் கிரேடு 1 என்கிறார், இன்னொருவர் கிரேடு 2 என்கிறார்: பல் ஆட்டத்தை எதை வைத்து அளக்கிறார்கள்?

மழைத்துளி:

வணக்கம். அம்மாவுக்கு ஈறு நோய், கூடவே சர்க்கரையும் உண்டு. முதலில் பார்த்த மருத்துவர் கீழ் முன்பற்கள் இரண்டுக்கும் "கிரேடு 1 ஆட்டம்" என்று எழுதிக் கொடுத்தார். பற்காரையை எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்த பிறகு வேறொருவரிடம் போனோம், அவர் அதே பற்களுக்கு கிரேடு 2 என்கிறார். நடுவில் பெரிய இடைவெளியும் இல்லை. நான் பார்த்த வரைக்கும் கருவியின் பின்பக்கத்தைப் பல்லில் வைத்து ரெண்டு ஆட்டு ஆட்டினார், ஒரு எண்ணைச் சொன்னார், உதவியாளர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். அளவுகோல் எதுவும் கண்ணில் படவில்லை. உண்மையிலேயே மோசமாகிவிட்டதா, இல்லை இது கைக்குக் கை மாறுகிற சமாசாரமா? அம்மா பயந்துபோய் "பிடுங்கிடச் சொல்லு, நிம்மதியா இருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார்.

பல்லும்_சொல்லும்:

ஈறு சிகிச்சைதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நீங்கள் பார்த்ததுதான் முறை, அவர் ஏனோதானோவென்று செய்யவில்லை. இரண்டு கருவிகளின் கைப்பிடிகளை எடுத்து, ஒன்றை உதட்டுப் பக்கமும் மற்றதை நாக்குப் பக்கமும் வைத்து மாறிமாறி அழுத்துவோம், பக்கத்துப் பல்லின் விளிம்பைக் குறியாக வைத்துக்கொண்டு அதிலிருந்து இந்தப் பல் எவ்வளவு விலகுகிறது என்று கண்ணால் கணக்குப் போடுவோம். சிலர் ஒரு பக்கம் மட்டும் விரலை வைப்பார்கள். இரண்டு பக்கமும் விரல் என்றால் சரிவராது, விரல் நுனிச் சதையே அமுங்கும், அசைந்தது பல்லா சதையா என்று தெரியாமல் போகும்.

இப்போது உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். மில்லர் என்பவர் வகுத்த கணக்குப்படி, இயல்பைவிடச் சற்றே கூடுதலாக அசைந்தால் 1, பக்கவாட்டில் 1 மி.மீ. வரை போனால் 2, அதற்கு மேல் போனாலோ பல்லைக் கீழே அமுக்கவோ திருகவோ முடிந்தாலோ 3. ஆனால் இன்னொரு கணக்கும் பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது, அதில் 0.2 முதல் 1 மி.மீ. வரை அசைந்தால் 1, 1 மி.மீ.க்கு மேல் என்றால்தான் 2, மேலும் கீழுமாகவும் அசைந்தால் 3. அம்மாவின் பல் 0.6 மி.மீ. அசைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கில் அது 2, மற்றதில் 1. பல் ஒன்றுதான், ஆட்டமும் ஒன்றுதான். எந்த அளவுகோல் என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுவது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம், எனக்கு அதில் உடன்பாடில்லை.

இன்னொன்று, நல்ல பல்லும் ஆடத்தான் செய்யும். வேரும் எலும்பும் ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல, நடுவில் சுமார் கால் மி.மீ. தடிமனில் நார்ப்படலம் இருக்கிறது. ஐம்பதுகளில் மியூலமன் என்ற சுவிஸ் ஆய்வாளர் வாயில் அளவி ஒன்றைப் பொருத்தி, குறிப்பிட்ட விசை கொடுத்து அளந்து பார்த்தார். 500 கிராம் விசைக்கு நோயில்லாத முன்பல் 0.1 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் நகரும், கடைவாய்ப்பல் 0.04 முதல் 0.08 வரைதான். கிளினிக்கில் யாரும் விசையை அளப்பதில்லை. ஒருவர் அழுத்திப் பார்ப்பார், இன்னொருவர் பட்டும் படாமலும் தொடுவார், எல்லைக்கோட்டில் இருக்கிற பல் இந்தப் பக்கமும் விழும், அந்தப் பக்கமும் விழும்.

கடலோரக்கவிதை:

இந்தக் காலத்தில் இதற்கு ஒரு மெஷின்கூடவா இல்லை? கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

முதுகலை_மாணவி:

இருக்கிறது. பெரியோடெஸ்ட் என்று பெயர், ஜெர்மனியில் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஷுல்டே குழுவினர் உருவாக்கியது. பேனா மாதிரி ஒரு கைப்பிடி, அதற்குள் இருக்கும் சின்னத் தண்டு 4 வினாடியில் 16 தடவை பல்லை மெல்லத் தட்டும். ஒவ்வொரு தட்டிலும் தண்டு பல்லோடு எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் கருவி அளக்கிறது. உறுதியான பல் உடனே திருப்பி அனுப்பிவிடும், தளர்ந்த பல்லில் நேரம் கூடும். அதை -8 முதல் +50 வரை ஒரு எண்ணாக மாற்றிக் காட்டும். 9 வரை இருந்தால் உறுதியான பல் என்று எடுத்துக்கொள்வோம், 10 முதல் 19 வரை கைக்குத் தெரிகிற ஆட்டம், 20க்கு மேல் கண்ணுக்கே தெரியும், 30க்கு மேல் போனால் உதடும் நாக்கும் பட்டாலே பல் நகரும்.

ஆனால் இதைப் பெரும்பாலும் ஆராய்ச்சியிலும் இம்பிளாண்ட் (எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்வேர்) சோதிக்கவும்தான் எடுக்கிறோம். தட்டுகிற கோணமும் இடமும் மாறினால் எண்ணும் மாறும், நோயாளியின் தலை நிமிர்ந்து நேராக இருக்க வேண்டும், கடித்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம், காலையில் எழுந்ததும் பல் சற்று அதிகம் ஆடும், தூக்கத்தில் மேலும் கீழும் கடிபடாமல் இருப்பதால் பல் கொஞ்சம் எழும்பியிருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் ஒரே வேளையில் அளப்பது நல்லது.

மழைத்துளி:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்படியென்றால் அந்த 2 என்ற எண்ணை நான் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? சுத்தம் செய்ததால்தான் பல் ஆடுகிறது என்று வேறு வீட்டில் ஒரு பேச்சு ஓடுகிறது.

பல்லும்_சொல்லும்:

விட்டுவிடக் கூடாது. கடிவிசையைத் தாங்க முடியாமல் 2 அல்லது அதற்கு மேல் ஆடுகிற பற்கள் இருப்பது, ஈறு நோய்களுக்கான 2017 வகைப்பாட்டில் நான்காம் நிலைக்கான, அதாவது மிகத் தீவிரமான நிலைக்கான, அடையாளங்களில் ஒன்று. ஆனால் எண்ணை மட்டும் வைத்துப் பிடுங்குகிற முடிவுக்குப் போகாதீர்கள். ஏன் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். எலும்பு கரைந்து வேரின் பாதிதான் உள்ளே இருக்கிறதா, வீக்கத்தால் நார் தளர்ந்திருக்கிறதா, கடிக்கும்போது எதிர்ப்பல் இதையே போய் இடிக்கிறதா? கடைசி சந்தேகத்தைத் தீர்க்க, பல்லின் வெளிப்பக்கம் விரலை வைத்துக்கொண்டு அம்மாவைக் கடிக்கச் சொல்வோம், இடிபடுகிற பல் விரலுக்கடியில் அதிரும். வீக்கமும் இடியும் சரிசெய்யக் கூடியவை, அவை போனால் ஆட்டமும் குறையும். போன எலும்பு அவ்வளவு எளிதில் திரும்பி வராது.

சுத்தம் செய்ததைப் பற்றிய பேச்சு நான் தினமும் கேட்பதுதான். கீழ் முன்பற்களின் உட்பக்கம் காரை கெட்டியாகப் படிந்து நாலைந்து பல்லையும் ஒரே கட்டாகப் பிடித்து வைத்திருக்கும், சிமெண்ட் பூசின மாதிரி. அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். உங்கள் விஷயத்தில் எண் 1லிருந்து 2 ஆனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஈறு ஆறின பிறகு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, மறுபடி பார்ப்பதுதான் நியாயமான அளவு.

நான் எப்போதும் பார்ப்பது, ஆட்டம் கூடிக்கொண்டே போகிறதா, ஒரே அளவில் நிற்கிறதா என்பதைத்தான். எலும்பு குறைந்துபோய், ஆனால் ஈறு ஆறி, ரத்தக்கசிவு நின்று, அதே அளவில் வருடக்கணக்காக ஆடிக்கொண்டே நிற்கிற பற்கள் எத்தனையோ உண்டு. மெல்லச் சிரமமாக இருந்தால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டிவிடலாம். அடுத்த முறை போகும்போது இரண்டு கேளுங்கள்: எந்த அளவுகோல், சுமாராக எத்தனை மி.மீ. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் பைகளின் ஆழத்தையும் எக்ஸ்ரேயையும் அதன் பக்கத்திலேயே வைத்துப் பேசச் சொல்லுங்கள், 1 முதல் 3 மி.மீ. வரை பை இயல்பு. சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாவிட்டால் நாங்கள் செய்வதில் பாதி வீண்.

ஆங், அம்மா அந்தப் பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாரா? அந்தப் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

மழைத்துளி:

நாள் முழுக்க அதே வேலைதான் சார். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.